பதினாலாவது க்ரீன்ல எத்தன செகண்ட்

ஜூலை 1, திங்கள்

செலக்ட் ஆயிட்டேன்!!!!

வெள்ளப்பாற கோல்ஃப் கிளப்ல மாநில லேடீஸ் அமெச்சூர் போட்டி. மூணு நாள். அதுல வாலன்டியர் லிஸ்ட்ல என் பேரு: மோனிஷா, பி.காம் ரெண்டாவது வருஷம். மெயில எட்டு தடவ படிச்சேன். ஒன்பதாவது தடவ அம்மாவுக்கு படிச்சுக் காட்டுனேன்.

"சம்பளம் எவ்வளவு கண்ணு?"ன்னாங்க.

"சம்பளம் கெடையாதும்மா. சேவை."

"அந்த சேவைய இங்க கிரைண்டர் கழுவறதுல காட்டுனா என்னவாமா?"

கழுவுனேன். மாவு ஒட்டுன கையோடவே பேஜ்ல ஸ்டோரி போட்டேன். 'கோல்ஃப் கிறுக்கி', 912 ஃபாலோயர்ஸ். தமிழ்ல கோல்ஃப் சொல்லித் தர்ற பேஜ் இது ஒண்ணுதான்னு நெனைக்கறேன். எனக்கு யாரும் சொல்லித் தரல, எல்லாமே யூடியூப்தான். பந்த அடிக்கற மட்ட, அதாவது கிளப், பழசு ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கேன். உண்மையான மைதானத்துல ஒரு தடவகூட ஆடுனதில்ல. பரவால்ல, ரூல்ஸ் தெரியும்.

இதுல முக்கியமான விஷயம் என்னன்னா தியா வர்றா. தியா போஜன், கோத்தகிரி. மூணு வருஷமா ஃபாலோ பண்றேன். அவ கிளப் வீசற ஸ்விங்க ஸ்லோமோஷன்ல வெச்சு நான் போட்ட ரீல்தான் என் பேஜ்லயே அதிகம் பேரு பாத்தது. இப்போ நேர்ல!!

ஜூலை 3, புதன்

ட்ரெய்னிங். சீஃப் ரெஃப்ரி வசுந்தரா மேடம். ரிட்டயர்ட் பி.டி. டீச்சராம். பாத்த உடனே ஷூ லேஸ் சரியா கட்டியிருக்கோமான்னு குனிஞ்சு பாக்கத் தோணுது.

மேடம் சொன்னது: ஒரு குரூப் மெதுவா போனா பின்னாடி வர்ற அத்தன பேரும் வெயில்ல நிக்கணும். அதனால முன்னாடி குரூப்புக்கும் ஒரு குரூப்புக்கும் நடுவுல இடைவெளி விழுந்தா முதல்ல சொல்லுவோம். அப்பவும் புடிக்கலன்னா 'க்ளாக்ல' போடுவோம். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் நாப்பது செகண்ட். தாண்டுனா ஸ்கோர்ல ஒரு ஷாட் அபராதம்.

அடுத்தது ஒழுக்கம். கிளப்ப எறியக்கூடாது, கெட்ட வார்த்த கூடாது, புல்லக் குத்தக்கூடாது. பாத்தா எழுதிக் குடுக்கணும்.

வாலன்டியருக்கும் இருக்கு: கை தட்டக்கூடாது, யாருக்கும் சப்போர்ட் பண்ணக்கூடாது, ஃபோன் ரூம்ல குடுத்துட்டுத்தான் உள்ள போகணும்.

என் கழுத்துல ஸ்டாப்வாட்ச் மாட்டி விட்டாங்க. "இது பொம்மையில்ல"ன்னாங்க. தெரியும் மேடம்.

ஜூலை 4, வியாழன்

நாள் ஒண்ணு. எழுத்து கோணலா வருது, பரவால்ல.

எனக்குக் கெடச்ச குரூப் எது தெரியுமா? தியா குரூப்!!! மொத்தம் மூணு பேர். தியா, சென்னைல இருந்து வந்த ப்ரியம்வதான்னு ஒரு ஸ்கூல் பொண்ணு, அப்புறம் தூத்துக்குடி ஆக்னஸ் ஃபெர்னாண்டோ. ஆக்னஸ் அக்காவுக்கு இருபத்தாறு வயசு, துறைமுகத்துல ஏதோ ஆபீஸ்.

மொத்தம் பதினெட்டு ஹோல், அதாவது குழி. ரெண்டாவது ஹோல்ல தியா என் பேட்ஜப் பாத்தா. "மோனிஷா... ஏய், நீதானா அந்த கோல்ஃப் கிறுக்கி?"

நான் செத்தேன்.

"என் ஸ்விங்க போட்டிருந்தல்ல, எங்க அப்பா அத ஸ்டேட்டஸே வெச்சுட்டாருடி."

'டி'ன்னு சொன்னா. என்கிட்ட. நான் பதிலுக்கு ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன்னு இப்போ ஞாபகமில்ல. "நன்றிங்க மேடம்"னு சொல்லிட்டேனோன்னு பயமா இருக்கு.

ஆக்னஸ் அக்கா ரொம்ப மெதுவு. க்ரீன்ல, அதாவது குழி இருக்கற அந்த மழுமழு புல்லுல, யாரோ போட்ட தடத்தையெல்லாம் குத்திக் குத்தி சரி பண்ணுது. அக்கா போட்ட தடமே இல்ல, ஆனாலும் பண்ணுது. இப்படி பண்ணுனா எப்ப முடியும்?

ஒன்பதாவது ஹோல்ல தியா ஒரு சின்ன பட், அதான் குழிக்கு உருட்டற அடி, மிஸ் பண்ணிட்டு கிளப்ப புல்லுல ஒரு குத்து குத்துனா. உள்ளங்கை அளவு பேந்துடுச்சு. யாரும் பாக்கல. நான் ஷூவால அமுக்கி விட்டேன். போட்டின்னா கோவம் வராதா? அதெல்லாம் தானா வளந்துடும்.

மத்தியானம் தண்ணி டேபிள்கிட்ட ஆக்னஸ் அக்கா பேச்சுக் குடுத்துச்சு. முதல் நாலு பேருக்குத்தான் மாநில டீம்ல இடம். டீம்ல பேரு வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைய நிரந்தரமாக்கலாம்னு அவங்க மேனேஜர் சொல்லியிருக்காராம். ரெண்டு வருஷமா கான்ட்ராக்ட்லயே ஓடுதாம்.

"அடுத்த மார்ச்சோட கான்ட்ராக்ட் முடியுது பிள்ள. அதான் அடிக்கதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிக்கேன்"னு சிரிச்சுச்சு.

நானும் சிரிச்சேன். என் கண்ணு தியா எங்க நிக்கறான்னு தேடிட்டு இருந்துச்சு.

ஜூலை 5, வெள்ளி

நாள் ரெண்டு. என்ன நாள்டா சாமி.

பதினொன்னாவது ஹோல்ல ப்ரியம்வதா பந்து புதருக்குள்ள போயி தேடித் தேடி நேரம் போச்சு. பதிமூணு வரும்போது முன்னாடி குரூப் கண்ணுக்கே தெரியல. வசுந்தரா மேடம் வண்டில வந்து, "பதினோரு நிமிஷம் பின்னாடி இருக்கீங்க. இப்ப இருந்து க்ளாக்"னு மூணு பேர்கிட்டயும் சொல்லிட்டு, "மோனிஷா, நீ எடு, எனக்கு பின்னாடி குரூப்ல ஒரு பிரச்சன"ன்னு கெளம்பிட்டாங்க. நான் தனியா!! என் கையில ஸ்டாப்வாட்ச், ஷீட், பேனா, வாக்கிடாக்கி.

பதிமூணு: எல்லாரும் நாப்பதுக்குள்ள.

பதினாலு: க்ரீன்ல தியாவுக்கு பன்னெண்டு அடி தூரத்துல பட். உருண்டுச்சு, உருண்டுச்சு, விழுந்துச்சு!!! அப்படியே கத்தியிருப்பேன். வாய மூடிக்கிட்டேன். அவ திரும்பி என்னப் பாத்து ஒரு கண்ணடிச்சா. 39 செகண்ட்.

பதினஞ்சு: ஆக்னஸ் அக்கா. காத்து மாறுச்சு. ஒரு கிளப்ப எடுத்துச்சு, திருப்பி பைக்குள்ள வெச்சுச்சு, வேற எடுத்துச்சு. 47.

நாப்பத்தேழு. நான் என்ன பண்ண முடியும்? வாட்ச் சொல்றத எழுதணும். எழுதுனேன். வாக்கிடாக்கில சொன்னேன். மேடம் வந்து ஹோல் முடிஞ்சதும் அபராதம்னு சொன்னாங்க.

"சரிங்க மேடம்"னுச்சு ஆக்னஸ் அக்கா. அவ்வளவுதான். தொப்பியக் கழட்டி நெத்தியத் தொடச்சுட்டு, திரும்ப மாட்டிக்கிச்சு.

அக்கா 47 எடுத்துச்சு. அது உண்ம.

ஜூலை 6, சனி

தியா நாலாவது, டீம்ல இடம்! மூணு நாளும் சேத்து 231 ஷாட், கொறச்சா அடிக்கறவங்கதான் மேல.

ஆக்னஸ் அக்கா அஞ்சாவது. 232.

சந்தோஷமா நெறைய எழுதலாம்னுதான் உக்காந்தேன்.

ரிசல்ட் ஒட்டுனதுக்கப்புறம் கேன்டீன் வாசல்ல ஆக்னஸ் அக்கா என்னத் தேடி வந்துச்சு. திட்டப் போகுதுன்னு நெனச்சேன். ரெண்டு டீ வாங்கிட்டு வந்து ஒண்ண என்கிட்ட நீட்டுச்சு.

"ஏ பிள்ள, ஒண்ணு கேக்கட்டா?"

"சொல்லுங்க அக்கா."

"அந்த பதினஞ்சுல எனக்கு எங்க நேரம் போச்சு? நீதான பாத்துட்டு நின்ன. கிளப் மாத்துனேம்லா, அதுலயா? இல்ல அதுக்கு முன்னாடியே நிக்கேனா? சொன்னா சரி பண்ணிக்கிடுவேன். என் தப்பு என்னன்னு தெரியாமப் போனா ஊர்ல போயி எதப் பழகுவேன்?"

நான் ரொம்ப பெரிய ஆளு மாதிரி, "கிளப் மாத்துனதுல ஒரு பதினஞ்சு செகண்ட் போச்சு அக்கா. பந்துக்குப் பின்னாடி நின்னு ரெண்டு தடவ பாக்கறீங்க, அத ஒண்ணாக்கிடுங்க"ன்னேன்.

அது ஃபோன எடுத்து டைப் பண்ணி வெச்சுக்கிச்சு. நான் சொன்னத! "தேங்ஸ் பிள்ள. நீ நியாயமா எடுத்த"ன்னு சொல்லிட்டுப் போச்சு.

டீய நான் குடிக்கல. சூடா இருந்துச்சு.

ஜூலை 7, ஞாயிறு

மாவு அரச்சேன். துணி மடிச்சேன். அண்ணன் சட்டைக்கு அயர்ன்கூட போட்டேன். "உடம்பு சரியில்லையாடி?"ன்னு அண்ணன் கேட்டான்.

ஜூலை 8, திங்கள்

தியா மெசேஜ் பண்ணிருக்கா!!!!

"ஏய் கிறுக்கி, 14ல நீ ஃபோன்ல எடுக்கறத பாத்தேன் 😉 அந்த பட் வீடியோ அனுப்பு, போடறேன்."

ஃபோன உள்ள கொண்டு போகக்கூடாதுதான். இடுப்புப் பையில இருந்துச்சு. எல்லாரும் கொண்டு போறாங்க. ஒரே ஒரு ஷாட்தான் எடுத்தேன்.

அனுப்புறதுக்கு முன்னாடி ட்ரிம் பண்ணேன். முன்னாடி சும்மா நிக்கறதெல்லாம் எதுக்கு? யாரு பாப்பாங்க? பதினெட்டு செகண்ட்தான் நல்லா இருந்துச்சு. நிக்கறா, அடிக்கறா, விழுது.

ஜூலை 9, செவ்வாய்

தியா போட்டுட்டா. என் பேஜ டேக் பண்ணி, 'என் லக்கி டைம் கீப்பர்'னு எழுதி.

912ல இருந்து 4,300. ஒரே நாள்ல!

ஒருத்தரு கமென்ட்: 'இவங்க குரூப்ல ஒருத்தி மெதுவா ஆடி பெனால்டி வாங்குனாளாமே? ஆமைக்கெல்லாம் எதுக்கு கோல்ஃப்?' 212 லைக். அந்தக் கமென்ட டெலீட் பண்ணலாம்னு தியாவுக்கு டைப் பண்ணேன். அனுப்பல. அவ பேஜு, அவ இஷ்டம்.

ஜூலை 10, புதன்

6,100.

காலேஜ்ல ஷர்மிதா ட்ரீட் கேட்டா. வயிறு சரியில்லன்னு சொல்லிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

ஃபோன்ல இடம் இல்லன்னு வந்துச்சு. பெரிய வீடியோவ அழிக்கச் சொல்லி அதுவே லிஸ்ட் காட்டுது. முதல்ல அதுதான் இருக்கு. ட்ரிம் பண்ணாத ஒரிஜினல்.

அழிக்கறதுக்கு விரல வெச்சேன். வெச்சுட்டு எடுத்தேன்.

சரி. எழுதிடறேன்.

தியா அந்த பட்ட அடிக்க 39 செகண்ட் எடுக்கல. இடது கையில ஃபோனு, வலது கையில வாட்ச். ரெண்டுத்தையும் சேத்துதான் அமுக்குனேன். அவ குனிஞ்சா, எந்திரிச்சா, திரும்ப குழிக்கு அந்தப் பக்கம் போயி பாத்துட்டு வந்தா, மறுபடி குனிஞ்சா. முப்பத்தஞ்சு வரும்போதே, அடி தியா, அடி, அடின்னு மனசுக்குள்ள கத்துறேன். நாப்பது ஆச்சு. அம்பது ஆச்சு. பந்து விழுந்தப்போ வாட்ச்ல 54.

ஷீட்ல 39னு எழுதுனேன்.

கை தவறி எழுதலாம்ல. அவசரத்துல. 54ங்கறது 39 மாதிரி... இல்ல. 54 எப்படிப் பாத்தாலும் 39 மாதிரி இருக்காது.

அதுக்கப்புறம் ஒரு ஹோல் தள்ளி ஆக்னஸ் அக்கா 47 எடுத்தப்போ, பாத்தீங்களா, நான் நேர்மையா எழுதறேன்னு எனக்கே பெருமையா இருந்துச்சு. அதையும் எழுதிடறேன்.

ஜூலை 12, வெள்ளி

கிளப் வெப்சைட்ல ரூல்ஸ் பி.டி.எஃப். எறக்கி முழுசா படிச்சேன். ஸ்கோர் கார்டு கையெழுத்தாகி ரிசல்ட் ஒட்டிட்டா ஸ்கோர் மாறாது. ஆனா டீம் லிஸ்ட்ல கமிட்டி 15ஆம் தேதிதான் கையெழுத்து போடும். அதுவரைக்கும் ஆட்டக்காரங்களோ போட்டி அதிகாரியோ ஏதாவது எழுதிக் குடுத்தா பாப்பாங்க.

வாலன்டியரும் அதிகாரிதான்னு அடியில சின்ன எழுத்துல இருக்கு.

தியாவுக்கு ஒரு ஷாட் அபராதம் விழுந்திருந்தா 232. ஆக்னஸ் அக்காவும் 232. சமம். அப்போ ரெண்டு பேரும் திரும்ப ஆடியிருப்பாங்க. ஆக்னஸ் அக்காதான் ஜெயிச்சிருக்கும்னு இல்ல. தோத்தும் இருக்கலாம். அதனால நான் ஒண்ணும் பெருசா

இந்த வரிய முடிக்க முடியல.

ஜூலை 13, சனி

முதல்ல தியாகிட்ட சொல்லணும்னு தோணுச்சு. அவளும் தெரிஞ்சுக்கணும்ல. அவ நல்லவ. ரெண்டு பேரும் சேந்து மேடத்துகிட்ட போகலாம், அவ என் பக்கம் நிப்பான்னு ஒரு படமே ஓட்டிட்டேன் மண்டைக்குள்ள.

முழு வீடியோவையும் அனுப்புனேன். விஷயத்த எழுதுனேன். பாத்துட்டா. டைப் பண்றா, நிக்குது, டைப் பண்றா, நிக்குது.

அப்புறம் ஃபோனே பண்ணிட்டா. முதல் தடவ தியா போஜன் எனக்கு ஃபோன் பண்றா, நான் எடுக்க பயப்படறேன்.

"நான் உன்ன கேட்டனா மோனிஷா?"

"இல்ல."

"எனக்கு டைம் ஏத்தி எழுது, கொறச்சு எழுதுன்னு எப்பவாச்சும் சொன்னனா?"

"இல்ல தியா... உங்களுக்குப் புடிக்கும்னு..."

"எனக்குப் புடிக்கும்னா? நாலு வயசுல இருந்து ஆடறேன்டி. டீம் ஜெர்சி வந்ததும் ஃப்ரேம் போட அப்பா நேத்துதான் சுவத்துல அளவெடுத்தாரு. இனி அத பாக்கும்போதெல்லாம் உன் பேனாதான ஞாபகம் வரும்? பெனால்டி வந்திருந்தா நான் அடுத்த நாள் இன்னும் ஒரு ஷாட் நல்லா அடிச்சிருப்பேன். அந்த சான்ஸையே நீ புடுங்கிட்ட."

எனக்கு அது தோணவே இல்ல. ஆக்னஸ் அக்காகிட்ட இருந்துதான் எடுத்தேன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

"அப்போ மேடத்துகிட்ட சொல்லிடலாமா?"ன்னேன்.

பின்னாடி குக்கர் விசில் மட்டும் கேட்டுச்சு.

"நீ பண்ணத நீயே பாத்துக்கோ. என்ன இதுல இழுக்காத"ன்னுட்டு வெச்சுட்டா.

சாயங்காலம் பாத்தா ப்ளாக் பண்ணிருக்கா. பட் வீடியோ இன்னும் அவ பேஜ்ல இருக்குன்னு ஷர்மிதா சொன்னா.

ஜூலை 14, ஞாயிறு

வசுந்தரா மேடம் வீடு வடவள்ளில. கதவத் தெறந்தப்போ கையில வெண்டக்காய், கத்தி.

ஹால்ல உக்காந்து சொன்னேன். அழக்கூடாதுன்னு நெனச்சுட்டுப் போனேன். ரெண்டாவது வரிலயே அழுதுட்டேன். மேடம் தண்ணிகூட குடுக்கல. ஃபோன வாங்கி, உள்ள போயி அவங்க ஸ்டாப்வாட்ச எடுத்துட்டு வந்து, வீடியோவ மூணு தடவ ஓட்டுனாங்க. தியா முறை எப்ப ஆரம்பிக்குதோ அங்க இருந்து கணக்கு.

"அம்பத்திரண்டு. அம்பத்திரண்டு. அம்பத்தொன்னு"ன்னாங்க. "எப்படிப் பாத்தாலும் நாப்பதுக்கு மேலதான்."

"ஆமாங்க மேடம்."

"ஃபோன ரூம்ல குடுக்கல."

"இல்லைங்க மேடம்."

"ஒன்பதாவது க்ரீன்ல ஒரு குத்து இருந்துச்சு. புல்லு வெட்டறவரு கேட்டாரு, யாரு பண்ணதுன்னு. அதுவும் உனக்குத் தெரியுமா?"

தலையாட்டுனேன்.

ஒரு பேப்பரும் பேனாவும் முன்னாடி வெச்சாங்க. "எழுதிக் குடு. நாளைக்குக் காலைல கமிட்டில வெக்கறேன்."

எழுதுனேன். 'தவறுதலாக 39 என்று எழுதிவிட்டேன்.'

மேடம் படிச்சுட்டு அந்த ஒரு வார்த்தைக்குக் கீழ நகத்தால கோடு போட்டாங்க. "தவறுதலாவா?"

இன்னொரு பேப்பர். 'அவசரத்தில் 39 என்று...'

"அவசரமா?"

மூணாவது பேப்பர்ல 'தெரிந்தே'ன்னு எழுதுனேன். மேடம் வாங்கிப் படிச்சாங்க. மடிச்சு கவர்ல போட்டாங்க. வெண்டக்காய் நறுக்கப் போயிட்டாங்க. நானே கதவச் சாத்திட்டு வந்தேன்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒண்ணு. அம்மா வெல்லம் அடச்சு தேங்கா சுடறாங்க, வீடு பூரா வெல்ல வாசன.

கமிட்டி மெயில் வந்துச்சு. ஆக்னஸோட அபராதம் சரியானதுதான், அது அப்படியே இருக்கும். ஸ்கோரும் பரிசும் மாறாது. ஆனா டீம்ல நாலாவது இடத்துக்கு தியா போஜனும் ஆக்னஸ் ஃபெர்னாண்டோவும் ஞாயித்துக்கெழம எட்டு மணிக்கு பதினெட்டாவது ஹோல்ல ப்ளேஆஃப் ஆடணும், ஜெயிக்கறவங்களுக்குத்தான் இடம். எனக்கு மூணு வருஷம் எந்தப் போட்டிலயும் வாலன்டியர் வேல கெடையாது. அன்னைக்கு மைதானத்துக்குள்ளயும் வரக்கூடாது.

ஆக்னஸ் அக்காவுக்கும் இதே மெயில் போயிருக்கும். என் பேரோட.

பேஜ்ல முழு வீடியோவ போட்டேன். கீழ, '39னு எழுதுனது நான். தெரிஞ்சேதான்.' ராத்திரிக்குள்ள கமென்ட் எப்படியெல்லாம் வந்துச்சுன்னு எழுத மாட்டேன். கெட்ட வார்த்தைக்கெல்லாம் இங்க இடமில்ல. 6,400ல இருந்து 5,200. இறங்கிட்டே இருக்கு.

ஜூலை 20, சனி

ஆக்னஸ் அக்காவுக்கு மெசேஜ் பண்ணேன். 'மன்னிச்சுடுங்க'ன்னு மட்டும். நீல டிக். பதில் இல்ல.

ஜூலை 21, ஞாயிறு

போகக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. உள்ளதான போகக்கூடாது. வெளிய ரோட்டோரமா கம்பி வேலிகிட்ட நின்னேன். அங்க இருந்து பதினெட்டாவது க்ரீன் தெரியும், சத்தம் கேக்காது.

ஆக்னஸ் அக்கா தூத்துக்குடில இருந்து பஸ்ல வந்து நேரா இறங்கியிருக்கும் போல, பை முதுகுலயே இருந்துச்சு. தியாகூட அவங்க அப்பா. வசுந்தரா மேடம் நடுவுல, கழுத்துல வாட்ச்.

முதல் தடவ ரெண்டு பேரும் சமம். திரும்ப ஆடுனாங்க. ரெண்டாவது தடவ ஆக்னஸ் அக்கா பந்து குழிக்கு நாலடில நின்னுச்சு. தியாவோடது நல்லா இருபதடி. அக்காவுக்குத்தான்னு நெனச்சேன். என் மனசுக்குள்ள ஒரு பாரம் இறங்குற மாதிரி இருந்துச்சு. அப்பாடா, சரியாயிடுச்சு, எல்லாம் சரியாயிடுச்சு.

தியா அடிச்சா. இருபதடி. விழுந்துச்சு.

ஆக்னஸ் அக்கா நாலடிய அடிச்சுச்சு. குழி ஓரத்துல சுத்தி வெளிய வந்துடுச்சு.

ஒண்ண இங்க எழுதியே ஆகணும். தியா பந்து விழுந்தப்போ நான் 'யெஸ்'னு கத்திட்டேன். மூணு வருஷப் பழக்கம், வாய்ல தானா வந்துடுச்சு. பக்கத்துல மாடு மேஞ்சுட்டு இருந்துச்சு, அது திரும்பிப் பாத்துச்சு. அந்த ஒரு செகண்ட் எனக்கு நெஜமாவே சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம்தான் அக்காவப் பாத்தேன்.

கெளம்பிடலாம்னு ஸ்கூட்டிய எடுத்தேன். கேட்டுகிட்ட ஆக்னஸ் அக்கா தனியா நிக்குது. ஞாயித்துக்கெழம, அந்த ரோட்டுல ஆட்டோ வராது. ஒண்ணு, கண்டுக்காம போகணும். இல்லன்னா நிக்கணும். நின்னேன்.

"அக்கா... பஸ் ஸ்டாண்டுல விடட்டுமா?"

பாத்துச்சு. "வேற வண்டி இல்லியே"ன்னு சொல்லிட்டு ஏறிக்கிச்சு.

கோல்ஃப் பைய குறுக்க வெச்சுக்கிட்டு ஸ்கூட்டில போறது எப்படின்னு யாரும் யூடியூப்ல போடல. கிளப்பெல்லாம் ஒரு பக்கம் நீட்டிக்கிட்டு நிக்குது, பை நுனி என் விலாவுல இடிக்குது. லாரிக்காரன் ஒருத்தன் "ஏம்மா, பீரங்கியா?"ன்னு கத்திட்டுப் போனான். ரெண்டு பேரும் சிரிக்கல. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல நிறுத்துனேன்.

இறங்குனதும் பைய மாட்டிக்கிட்டே கேட்டுச்சு. "நீ வேலிப் பக்கம் நின்னேல்லா."

"ஆமா அக்கா."

"தியா பந்து விழுந்தப்ப கத்துனது நீதானா?"

கேக்காதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

"ஆமா"ன்னேன்.

தலைய ஆட்டுச்சு. கோவப்படல. கோவப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"அந்த மெயில் வந்தப்போ, நான் தோக்கலன்னு ஒரு வாட்டி நிரூபிச்சா போதும், மத்தது எப்படியும் போகட்டும்னு நெனச்சேன். லீவு தர மாட்டேன்னாங்க, சண்ட போட்டு வந்தேன். இப்போ பாரு, நியாயமாவே தோத்துட்டேன். இத நான் யாருகிட்ட போயி சொல்லி அழ?"

"அக்கா, அன்னைக்கு மட்டும் நான் ஒழுங்கா..."

"வேண்டாம்"னுச்சு. "அன்னைக்கு ஒழுங்கா எழுதியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேனோ என்னமோ. இனி ஒருத்தருக்கும் தெரியாது பிள்ள. அதத்தான் நீ எடுத்துட்ட."

தூத்துக்குடி பஸ் நின்னுட்டு இருந்துச்சு. கண்டக்டர் பைய மேல ஏத்தணும்னு சொல்ல, அது மடில வெச்சுக்கிடுதேன்னு அவருகூட சண்ட போட ஆரம்பிச்சுச்சு. நான் இருக்கறதே மறந்துடுச்சு. கெளம்பி வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா அம்மா வாசல்லயே. "யாரு கண்ணு ஜெயிச்சா?"

"தியா."

"என்ற புள்ள மூணு வருஷமா புகழ் பாடுன ஆளுதான! அப்புறம் ஏன் மூஞ்சி இப்புடி செத்துக் கெடக்குது?"

அம்மாவுக்கு இதுவரைக்கும் ஒண்ணுமே தெரியாது. பேஜ் பாக்க மாட்டாங்க. வயித்து வலின்னு சொல்லலாம். வெயில்னு சொல்லலாம். ரெண்டும் வாய் வரைக்கும் வந்துச்சு.

அடுப்ப அணச்சுட்டு வரச் சொன்னேன். "உக்காரும்மா. முழுசா சொல்ல கொஞ்ச நேரம் ஆகும்."